கொண்டு வாங்கோ, பாப்பம்

தம்பிமார், தங்கைமார்,

லண்டன் ஏலக் கம்பனிகளின் ஆயுதப் பகுதியில் இப்போது நம் பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். நான் சேர்ந்தபோது அந்த மேசையில் தமிழன் என்று நான் ஒருவன்தான். அதுவும் நேரே மேசைக்கு வரவில்லை. முதல் ஆறு வருடம் அலுமாரி தூக்கினேன், கம்பளம் சுருட்டினேன். துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்த மனுசன் துவக்குக்கு விலை சொல்லிச் சாப்பிடுகிறார் என்று என் மனைவி விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

பழைய போட்டிப் பிஸ்டல்களை எப்படி மதிப்பிடுவது என்று எழுதித் தரும்படி உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். சின்ன ரவைத் தோட்டா போட்டுக் கடதாசி இலக்கைச் சுடுகிற, நாங்கள் ரிம்ஃபயர் என்று சொல்லும் வகை. குழலுக்குள் எதைப் பார்ப்பது, பாகங்களில் பொறித்த இலக்கங்கள் ஒத்துப்போகின்றனவா, பெட்டியும் தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த கடதாசியும் கூட வந்திருக்கின்றனவா, இவையெல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. மூன்று மாதத்தில் பிடித்துவிடுவீர்கள். நான் எழுதப் போவது புத்தகத்தில் இல்லாத ஒன்று. முப்பது வருட வேலையில் என்னை இன்றைக்கும் நித்திரை கொள்ள விடாத ஒரேயொரு பிஸ்டலைப் பற்றி.

அதற்கு முதல் ஒரு சின்னக் கதை சொல்லவேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் இது விளங்காது.

நான் மதிப்பீட்டு மேசைக்கு வந்த புதிதில், எங்கள் பகுதிக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தலைவியாக இருந்தார். வாய் கொஞ்சம் பொல்லாதது. வெளிநாட்டுப் பிஸ்டல் ஒன்று வந்தது. அதன் மரப்பிடியை யாரோ தன் கைக்கு ஏற்றபடி செதுக்கி, விரல் பதியும் இடமெல்லாம் குழித்து, மரப்பசை வைத்து நிரப்பியிருந்தான். எனக்கு அது பெரிய அழகாகத் தெரிந்தது. கையால் செய்த வேலை அல்லவா! பட்டியலில் இரண்டு வரி புகழ்ந்து எழுதி, விலையையும் ஏற்றி வைத்தேன். ஏலத்தில் ஒரு கையும் உயரவில்லை. பெண்மணி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சேகரிப்பவர் செய்தவனை வாங்குகிறார். சுடுபவர் குழலை வாங்குகிறார். வைத்திருந்தவனை எவரும் வாங்குவதில்லை." செதுக்கிய பிடி என்றால் விலையைக் குறை, அது இன்னொருவனின் கை என்றார். அன்று முதல் நான் அப்படியே குறைத்து வந்தேன்.

அவர் சொல்லித் தந்த இன்னொன்று, தொலைபேசியில் அழைப்பவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளின் வரிசை. அது என்ன பொருள் என்று முதலில் கேட்காதே. எங்கே இருக்கிறது என்று கேள். ரவை போடுவதா, காற்றில் வேலை செய்வதா என்று கேள். யாருடைய பெயரில் என்ன உரிமம் என்று கேள். இந்த மூன்றுக்கும் பதில் வரும்வரை, "கொண்டு வாருங்கள்" என்ற சொல் உன் வாயிலிருந்து வரக்கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று உங்களுக்குத் தெரியும். இந்த நாட்டில் கைத்துவக்குகளைத் தடை செய்தபோது போட்டிப் பிஸ்டலும் தடைக்குள் போய்விட்டது. எங்களிடம் வந்தவை எல்லாம் விசேஷ அனுமதி உள்ள வியாபாரிகளுக்கும் வெளிநாட்டாருக்கும் போனவை, அல்லது செயலிழக்கச் செய்து சான்றிதழ் வாங்கியவை. உரிமமில்லாத ஒருவர் அதை வீட்டில் வைத்திருந்தாலே வருடக்கணக்கில் மறியல், சிறைதான். கையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் சொல்லத் தேவையில்லை.

இருபது வருடம் அந்த மூன்று கேள்விகளையும் தவறாமல் கேட்டேன். பிரபுக்களிடமும் கேட்டேன், பாதிரிமாரிடமும் கேட்டேன். ஒரே ஒருவரிடம் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் அது. ஒரு காலை பத்து மணி இருக்கும். தொலைபேசியில் ஒரு பெண் குரல்.

"தம்பி, நீங்கள் தமிழ்தானே? கம்பனீன்ர வெப்சைட்டில உங்கட பேரைப் பாத்திட்டுத்தான் எடுத்தனான்."

"ஓம் அக்கா, சொல்லுங்கோ."

தெற்கு லண்டனில் சட்டனிலிருந்து பேசினார். கணவர் தவறி மூன்று கிழமை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நெடுங்காலம் சுவிஸில் இருந்துவிட்டு, மகள் லண்டனில் கல்யாணம் முடித்ததால் இங்கே வந்து குடியேறியவர்கள்.

"இவற்ற உடுப்புப் பெட்டியை ஒதுக்கேக்க, அடியில ஒரு பழைய பிஸ்டல் கிடந்தது தம்பி. சுவிஸில கிளப் ஒண்டில சேந்து விளையாட்டுக்குச் சுட்டவர். கப் எல்லாம் எடுத்தவர். அது என்ன பெறுமதி எண்டு ஒருக்காச் சொல்லுவியளோ?"

இந்த இடத்தில் நில்லுங்கள். நான் நின்றிருக்கவேண்டிய இடம் இது.

எங்கள் சனத்தில் செத்த வீட்டுக்குப் போனால் விசாரணை செய்ய மாட்டோம். முப்பத்தோராம் நாள் முடியும்வரை அந்த வீட்டுக்காரரிடம் கணக்கு வழக்குக் கேட்பதில்லை, காணி உறுதி கேட்பதில்லை. என்ன நடந்தது என்றுகூட அவர்களாகச் சொன்னால்தான் உண்டு. மூன்று கிழமையில் நிற்கிற ஒரு அக்காவிடம், "அது எங்கே இருக்கிறது, யாருடைய உரிமம்?" என்று பொலிஸ்காரன்போல் கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. வீடுகளில் கிடந்து எடுக்கும் பிஸ்டல்களில் பத்துக்கு ஒன்பது காற்றுப் பிஸ்டல்கள்தான், உரிமம் தேவையில்லாதவை. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். இருபது வருடத்தில் அந்தத் தொலைபேசியில் எவரும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அது காதுக்கு நல்லாயிருந்தது.

"கொண்டு வாங்கோ அக்கா, பாப்பம்" என்றேன்.

அடுத்த நாள் மத்தியானம் வந்தார். கறுப்புச் சேலை, அதன்மேல் மகளுடைய குளிர்க்கோட்டு. சட்டனில் ரயில் ஏறி, நடுவில் மாறி, பிறகு பஸ் எடுத்து வந்திருக்கிறார். தோளில் ஒரு சாமான் பை. கண்ணாடி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து முதலில் ஒரு கார்ட்டை எடுத்து இரண்டு கையாலும் தந்தார். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கான அழைப்பு. முன்பக்கத்தில் கணவரின் படம். பிறகு ஒரு துவாயை எடுத்து விரித்தார்.

பார்த்ததும் எனக்கு வந்தது பயமில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம் வந்தது. ஒரு ரவை மட்டும் போட்டுச் சுடுகிற நீண்ட குழல் சுவிஸ் பிஸ்டல். நான் பெட்டிக்குள் மட்டும் பார்த்த வகை. கறுப்புப் பூச்சு ஒரு இடத்திலும் தேயவில்லை. குழலைத் திறந்து காலியா என்று பார்த்தேன், காலிதான். உள்ளே எண்ணெய் இன்னும் ஈரமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் அந்த மனுசன் அதைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த அக்கா இதைத் தோளில் போட்டுக்கொண்டு லண்டனுக்குள்ளால் வந்திருக்கிறார். நான் சொல்லி வந்திருக்கிறார்.

"அக்கா, இது ரவை போடுறது" என்றேன்.

"ஓம். ஆனா ரவை ஒண்டும் இல்லைத் தம்பி. இஞ்ச வந்த பிறகு ஒரு நாளும் சுடேல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, அறைக்குள்ள நிண்டு, சுவரைப் பாத்து நீட்டிப் பிடிச்சுக்கொண்டு நிப்பார். அவ்வளவுதான். பிறகு துடைச்சு வைச்சிடுவார்."

சுவிஸில் அது உரிமத்தோடு வைத்திருந்த பொருள். வீடு மாறி வரும்போது சட்டி பானையோடு சேர்ந்து வான் வண்டியில் வந்துவிட்டது. இங்கே வைத்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பொலிசிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் நசித்துவிடுவார்கள் என்றும் தெரிந்திருக்கும். மனைவிக்கு இரண்டையும் சொல்லவில்லை.

இதை உடனே பொலிசுக்குச் சொல்லவேண்டும் என்றேன்.

"ஐயோ தம்பி, பொலிஸ் வேண்டாம். குரோய்டன் இமிகிரேசன் ஒஃபிசில என்ர சிற்றிசன் பேப்பர் கிடக்குது. ஒரு கேஸ் எண்டு வந்தா எல்லாம் போச்சு. மகளும் பேரப்பிள்ளையளும் இஞ்சதான். நான் தனிய எங்க போறது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்களே வைச்சிருங்கோ. நான் வரேல்லை, நீங்கள் காணேல்லை. வேற ஆரிட்டையும் போகாமல் உங்களிட்ட வந்தது நீங்கள் தமிழ் எண்டுதானே."

வழி இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். கம்பனிக்கு இப்படியான பொருளை வைத்திருக்க அனுமதி இருந்தது. வீடு ஒதுக்கும்போது வந்த ஏதோ ஒரு பெட்டிக்குள் கிடந்தது என்று இரண்டு வரி எழுதினால் பிஸ்டலும் தப்பியிருக்கும், அக்காவும் அப்போதைக்குத் தப்பியிருப்பார். பேனையையும் எடுத்தேன். ஆனால் அந்த மண்டபம் முழுக்கக் கமெரா. அக்கா வந்தது, துவாயை விரித்தது எல்லாம் பதிவாகியிருக்கும். ஒரு நாள் பொய் வெளியில் வந்தால், தெரியாமல் செய்த பிழை தெரிந்து செய்த குற்றமாகிவிடும். மறியலுக்கும் மன்னிப்புக்கும் இடையில் அக்காவுக்கு இருந்த ஒரே பிடிமானம், அவருக்குத் தெரியாது என்பதுதான். அதை நான் கெடுக்கக்கூடாது. அந்தக் கணக்குச் சரியான கணக்கு என்று இன்றைக்கும் நம்புகிறேன். பொலிசுக்கு அழைத்தேன். அக்கா என்னைப் பார்த்தபடியே இருந்தார்.

அவர்கள் வர முக்கால் மணி நேரம் எடுத்தது.

அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் நான் இப்போது எழுதுகிறேன். மற்றதெல்லாம் அதற்கு வாசல்.

தேநீர் வாங்கிக் கொடுத்தேன், அவர் தொடவில்லை. பிஸ்டல் எங்களுக்கு நடுவில் துவாயின் மேல் கிடந்தது. ஏதாவது பேசவேண்டுமே என்று, பிடியைக் காட்டி, "இதை அவரே செதுக்கினவரோ?" என்று கேட்டேன். வால்நட் மரம். கைக்கு ஏற்றபடி குழிகள். சின்ன விரலுக்கு வரவேண்டிய குழி மட்டும் பாதியில் நின்று, மிச்சம் பசை வைத்து மூடப்பட்டிருந்தது. நான் பார்த்த செதுக்கிய பிடிகள் எதிலும் அப்படி இருந்ததில்லை.

"குசினி மேசையில வைச்சு, சின்னக் கத்தியால ஒரு மாரி முழுக்கச் செதுக்கினவர். சுவிஸில ஹொட்டேல் வேலையில மெஷினுக்குள்ள சுண்டுவிரல் பாதி போட்டுது. அதுக்குத்தான் அப்பிடி." இப்படிச் சொல்லிக்கொண்டே கையை நீட்டி, அந்தக் குழிகளுக்குள் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தார். பெரிய கையின் தடத்துக்குள் சின்னக் கை. நாலாவது விரலை வைத்துவிட்டு, சின்ன விரலை அந்த மூடிய இடத்தின் மேல் மெல்ல ஊன்றினார். கண்ணை மூடினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அக்கா, தொடாதேங்கோ" என்றேன். "பொலிஸ் வரப்போகுது, உங்கட கை படக்கூடாது."

அவர் கையை எடுத்துவிட்டார். சூடு பட்டவர்போல் எடுத்தார். பிறகு பொலிஸ் வரும்வரை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

வந்தவர்கள் இரண்டு பேர். மரியாதையான ஆட்கள். வயதான அதிகாரி ஒருவர் துவக்குப் பிரிவு, எனக்கு முகம் பழக்கம். அக்காவிடம் பொருளைக் கைவிடுகிற படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் பெறுமதி என்று ஒரு கட்டம் இருந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார், நீங்கள்தானே மதிப்பீட்டாளர் என்று. உரிமமில்லாத ஒருவரின் கையில் இந்த நாட்டில் அதற்குச் சந்தை இல்லை. சட்டப்படி ஒரு பதில்தான். "இல்லை" என்று எழுதினேன். அக்காவுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும். பெறுமதி கேட்டுத்தானே அவர் என்னிடம் வந்தவர். விற்பதற்கல்ல. அப்பா குப்பையெல்லாம் சேர்த்து வைத்திருந்தவர் என்று மகள் சொன்னாளாம். இல்லை, இது நல்ல பொருள் என்று ஒரு பெரிய கம்பனிக் கடதாசியில் எழுதி வாங்கிக் காட்டத்தான் வந்தவர். அந்தச் சொல்லின் கீழே கையெழுத்து வைத்துவிட்டு, பொலிஸ் காரில் ஏறிப் போனார்.

வழக்கு என்று வரவில்லை, ஆனால் வருமா வராதா என்று ஏழெட்டு மாதம் தொங்கினது. நான் வாக்குமூலம் எழுதும்போது, "நான்தான் கொண்டு வரச் சொன்னேன்" என்று முதல் வரியிலேயே எழுதினேன். கம்பனிச் சட்டத்தரணி அந்த வரி அவசியம்தானா என்று இரண்டு தரம் கேட்டார். அவசியம் என்றேன். என்னைத் தொலைபேசி மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள், பட்டியலுக்குப் படம் பிடிப்பவர்களோடு சேர்த்துவிட்டார்கள். இதில் வீரம் ஒன்றும் இல்லை. தானே போட்ட தீயை அணைக்கத் தண்ணீர் கொண்டு போனவனுக்கு யாரும் மாலை போடுவதில்லை. முப்பத்தோராம் நாளுக்கு நான் போகவில்லை. சாட்சியும் சம்பந்தப்பட்டவரும் சந்திக்கக்கூடாது என்று சொன்னார்கள். அந்தக் கார்ட் என் மேசை லாச்சியில் கிடந்தது.

எல்லாம் முடிந்து, கடைசியில் குரோய்டனிலிருந்து அக்காவுக்கு நல்ல கடிதமும் வந்த பிறகு, சட்டனுக்குப் போனேன். தோடம்பழம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்து, "வாங்கோ சேர்" என்றார்.

சேர். தம்பி போய்விட்டது. கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் கூடுதலாக வலித்தது. தேநீர் தந்தார், பிள்ளைகளை விசாரித்தார். சுவரில் கணவரின் பெரிய படம், மாலை, கீழே சின்ன லைற். நான் எழும்பும்போதுதான் கேட்டார்.

"சேர், ஒண்டு கேக்கட்டே? பிஸ்டலை நான் கேக்கேல்லை. அது பிழையான சாமான், விளங்குது. அந்தப் பிடிக் கட்டையை மட்டும் கழட்டித் தரமாட்டினமோ? அது வெறும் மரம்தானே."

கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்து, ஸ்டேஷன் வாசலில் நின்றே அந்த வயதான அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். பார்த்துவிட்டுச் சொன்னார், போன மாதம் மற்றவற்றோடு சேர்த்து நசித்தாயிற்றாம். மரத்தோடேயே. பிறகு, "அன்றைக்கு என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றார். "மரம் துவக்கு இல்லை. அங்கேயே கழற்றி அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொல்லியிருப்பேன். ஒரு ஸ்குரூதானே."

ஒரு ஸ்குரூதான். எனக்குத் தெரியாததா? அந்த ஸ்குரூவைக் கழற்றுகிற சின்ன ஸ்குரூடிரைவர் அந்த முக்கால் மணி நேரமும் என் சட்டைப் பையில் பேனையோடு சேர்ந்து குத்தி இருந்தது. முப்பது வருடம் அது இல்லாமல் நான் வேலைக்குப் போனதில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எவர் தொலைபேசி எடுத்தாலும், எந்தப் பாஷையில் எடுத்தாலும், அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். ரவை போடுவது என்று தெரிந்தால், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், தொடவேண்டாம், பொலிசை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்று சொல்லுங்கள், பொலிசுக்கு நீங்களே தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள். செத்த வீட்டில் கேள்வி கேட்பது மரியாதையில்லைத்தான். கேட்காமல் விட்டதற்கு அந்தச் செத்த வீட்டுக்காரி பொலிஸ் காரில் ஏறினார்.

இந்த அளவோடு நிறுத்தலாம். பாடம் என்று எடுத்தால் பாடம் முடிந்துவிட்டது. ஆனால் ஒன்றை இதுவரை நான் யாருக்கும் சொல்லவில்லை, என் மனைவிக்கும் சொல்லவில்லை.

ஸ்டேஷன் வாசலிலிருந்து திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் என் முகத்தைத்தான் பார்த்தார். "ஏலாதாம் அக்கா" என்றேன். "சட்டம் விடாதாம்."

"ஓம், சட்டம் எண்டா என்ன செய்யிறது" என்றார். "நீங்கள் பாவம் சேர், எனக்காக அலையிறியள்."

சட்டம் விட்டது. நான்தான் கேட்கவில்லை.